மல்லாத்திப் பாருங்க!

நெய்க்காரப்பட்டியிலிருந்து அமெரிக்கா போன பையன்களில் ஒருவர் சியாட்டில் பக்கம் இருக்கிறார். சாஃப்ட்வேர்தான், வேறென்ன? ஒரு சனிக்கிழமை ஓடைக்கரையில் தூண்டில் போட்டு (அந்த ஊரில் அதற்கும் லைசென்ஸ்!) ஒரு ஜாண்கூட இல்லாத மீன் ஒன்றைப் பிடித்திருக்கிறார். நாலைந்து போட்டோ எடுத்து, மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, அப்பாவுக்கு வாட்ஸப் அனுப்பினார். 'அப்பா, இது நம்ம ஊர் உளுவைதானே?'

அப்பா அந்த போட்டோவை டீக்கடைக்குக் கொண்டு வர, கடை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது.

"சந்தேகமே வேண்டாமுங்க, உளுவையேதான். தலையைப் பாருங்க, சப்பட்டையா இருக்குதில்ல?"

"உளுவைக்கு ஏதுங்க இவ்வளவு பெரிய செவுள் றெக்கை? இது குரவையில ஒரு ரகம்."

"ரெண்டுமில்லீங்க. கெளுத்திக்கு மீசையைச் சிரைச்சுவிட்டா இப்படித்தான் இருக்கும்."

கடைசியில் போன் என் கைக்கு வந்தது. 'தம்பி பத்திரிகையில எழுதறாரு, அவருக்குத் தெரியும்' என்று. நான் படித்தது பி.காம்., சார். ஐந்தொகையில் இருபது ரூபாய் இடிக்கிறது என்றால் ராத்திரி பூரா உட்கார்ந்து கண்டுபிடிப்பேன். மீனுக்கும் எனக்கும் உள்ள உறவு குழம்போடு சரி என்றுதான் இவர்கள் நினைத்திருக்க வேண்டும். ஆனால் மீன் யார் என்று கண்டுபிடிப்பதும் கணக்கு மாதிரிதான். வரவா செலவா, உண்டா இல்லையா என்று ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஒரே ஒரு பெயரில் வந்து நிற்கும்.

"மல்லாத்திப் போட்டு எடுத்த போட்டோ இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

இருந்தது. மூன்றாவது போட்டோவில் உள்ளங்கையில் வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. தொண்டைக்குக் கீழே இரண்டு சின்னத் துடுப்புகள், தனித்தனியாக. கேஸ் முடிந்தது. உளுவை இல்லை.

அந்த மீனுக்கு 'ஸ்கல்பின்' என்று பெயர். வட அமெரிக்கா, ஐரோப்பா, சைபீரியா, ஜப்பான் போன்ற குளிர் பிரதேசத்து ஆசாமி. ஓடையிலும் உண்டு, கடற்கரைப் பாறை இடுக்கிலும் உண்டு. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இரண்டு தண்ணீருக்கும் போய் வருகிற ரகங்களும் உண்டு. பெரிய சப்பட்டைத் தலை, தலையின் உச்சியில் கண்கள், விசிறி மாதிரி செவுள் பக்கத்துத் துடுப்பு, கன்னத்தில் முள், உடம்பில் பெரும்பாலும் செதில் கிடையாது. நம் நாட்டு ஆறு குளங்களில் கிடையவே கிடையாது.

அப்படியானால் உளுவை மாதிரி ஏன் இருக்கிறது? ஒரே உத்தியோகம், அதனால்தான். உளுவையும் ஸ்கல்பினும் தரையோடு தரையாகக் கல்லுக்கும் மணலுக்கும் நடுவில் படுத்துக் கிடந்து, பக்கத்தில் வருவதை லபக்கென்று விழுங்கும் ஜாதி. முப்பது வருஷம் கேஷ் கவுண்ட்டரில் உட்கார்ந்த இரண்டு பேரைப் பாருங்கள். ஒருவர் தென்காசி, ஒருவர் தர்மபுரி. சொந்தமும் கிடையாது, பந்தமும் கிடையாது. ஆனால் அதே தொந்தி, அதே மூக்குக் கண்ணாடி, நிமிர்ந்து பார்க்காமலே 'சில்லறை இருக்கா?' என்கிற அதே குரல். அது மாதிரிதான் இதுவும்.

ஆனால் வயிற்றுப் பக்கம் பொய் சொல்லாது. உளுவைக்கு வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குட்டிக் கிண்ணம் மாதிரி இருக்கும். ஸ்கல்பினுக்கு இரண்டும் தனித்தனி. ஆங்கிலத்தில் உளுவைக் குடும்பத்துக்கு 'கோபி' என்று பெயர். (செல்போனில் படம் பிடித்தால் பெயர் சொல்லும் ஆப் ஒன்றை வைத்திருக்கும் நண்பர், உளுவையைப் படம் பிடித்துவிட்டு, 'கோபின்னு வருதுய்யா, மஞ்சூரியனா, செட்டிபாளையமா?' என்று கேட்டார்.) உலகம் முழுக்க இந்தக் குடும்பத்தில் சுமார் இரண்டாயிரம் வகை இருக்கிறது. பிச்சாவரத்தில் படகில் போகும்போது சேற்றில் துள்ளித் துள்ளி ஓடுமே ஒரு மீன், அதுவும் இவர்களுக்குச் சொந்தம்தான்.

ஸ்கல்பின் பக்கத்துச் சொந்தங்களும் லேசுப்பட்டதில்லை. இங்கிலாந்து ஓடைகளில் இருக்கும் ஒரு ஸ்கல்பினுக்கு 'மில்காரர் கட்டைவிரல்' என்று பெயர். மாவு சரியாக அரைந்திருக்கிறதா என்று விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து மில்காரருக்குக் கட்டைவிரல் சப்பட்டையாகிவிடுமாம். அந்த விரல் மாதிரித் தலை! சைபீரியாவில் பைக்கால் ஏரியில் இதன் உறவுக்கார மீன் ஒன்று ஆயிரம் மீட்டருக்கும் கீழே நீந்துகிறது. முட்டை போடாது, குட்டி போடும். உடம்பெல்லாம் கொழுப்பு, அந்தப் பக்கத்து ஜனங்கள் ஒரு காலத்தில் அதை உருக்கி விளக்கெரித்தார்கள். நியாயமாகப் பார்த்தால் அந்த மீன்தான் நெய்க்காரப்பட்டியில் பிறந்திருக்க வேண்டும்.

'சரிய்யா, உளுவையாக இருந்தால் என்ன, ஸ்கல்பினாக இருந்தால் என்ன, குழம்பில் போட்டால் எல்லாம் ஒன்றுதானே?' என்று உங்களில் சிலர் கேட்பது காதில் விழுகிறது. அமெரிக்காக்காரர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள். 1990-ல் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே ஓடும் செயின்ட் கிளேர் ஆற்றில் ஒரு புது மீன் கிடைத்தது. பார்த்தால் உள்ளூர் ஸ்கல்பின் மாதிரியே இருந்தது. மல்லாத்திப் பார்த்தால் கிண்ணம்! கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்துக் கோபி அது. சரக்கு இல்லாமல் வரும் கப்பல்கள் பாரத்துக்காக அடிவயிற்றில் தண்ணீர் ரொப்பிக்கொண்டு வருமே, அந்தத் தண்ணீரில் டிக்கெட் இல்லாமல் வந்த பிரயாணி. சில வருஷத்துக்குள் ஐந்து பேரேரிகளிலும் பரவிவிட்டது. ஸ்கல்பின் முட்டையிடும் கல் இடுக்கிலிருந்து அதை விரட்டிவிட்டு இது குடியேறியது. வந்த இடங்களிலெல்லாம் ஸ்கல்பின் அரிதாகிவிட்டது. அதற்குப் பிறகு படம் போட்டு விளம்பரம்: 'மீனைத் திருப்பிப் பாருங்கள், கிண்ணம் இருந்தால் தண்ணீரில் திரும்ப விடாதீர்கள்!' அங்கே கோபி வில்லன். ஸ்கல்பின் பாவப்பட்ட மண்ணின் மைந்தன்.

நம் ஊரில் கதை நேர்மாறு. இங்கே மண்ணின் மைந்தன் உளுவை.

உளுவைக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர் ஃபிரான்சிஸ் ஹாமில்டன். 1822-ல் கங்கை மீன்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் வருகிறது. இவர் யார் தெரியுமா? புக்கானன் என்ற பெயரில் 1800-ல் மெட்ராஸில் கிளம்பி மைசூர், கோயமுத்தூர், மலபார் என்று சுற்றி, எந்த ஊரில் என்ன விளைகிறது, என்ன வரி என்று எழுதி வைத்தாரே, அதே டாக்டர். கொங்கு நாட்டு வாய்க்கால்களைத் தாண்டிப் போன மனிதர், கங்கைக் கரைக்குப் போய் உளுவைக்குப் பேர் வைத்தார். அந்த லத்தீன்-கிரேக்கப் பெயரின் முதல் பாதிக்கு 'நாக்குக் கோபி' என்று அர்த்தம். உளுவையின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு நுனி இரண்டாகப் பிளந்த மாதிரி இருக்கும். கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் கொஞ்சம் நீண்டிருக்கும், யாரோடோ சண்டைக்கு நிற்கிற மாதிரி. பக்கவாட்டில் வரிசையாக மங்கலான கறுப்புப் புள்ளிகள். இந்த நான்கு அடையாளம் போதும்.

இதில் விசேஷம் என்னவென்றால், உளுவைக்கு நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் பேதம் கிடையாது. பழவேற்காட்டிலும் இருக்கும், குளத்திலும் இருக்கும். பழனிக்கு மேற்கே உடுமலை ரோட்டில் பத்து கிலோமீட்டர் வந்தால் நெய்க்காரப்பட்டி. நடுவில் சண்முகநதி. தெற்கே மலையடிவாரத்தில் பாலாறு-பொருந்தலாறு அணை. கிழக்கே போனாலும் சரி, மேற்கே போனாலும் சரி, காக்கை பறக்கிற தூரமே நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் கடல். 'அவ்வளவு தூரம் தள்ளி இருந்தும், கடலோர ஆசாமி ஒருத்தன் நம் குளத்துச் சேற்றில் குடித்தனம் நடத்துகிறான்' என்று டீக்கடையில் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

"இப்பெல்லாம் எங்கீங்க உளுவை?" என்றார் ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர். அந்தக் காலத்தில் வலை போட்டவர். "ராத்திரியில வலையை இழுக்கையில லைட்டு எதுக்குங்க தம்பி? கையை விட்டாத் தெரியும். வழுக்கினா விராலு. குத்தினா கெளுத்தி. சொரசொரன்னு கட்டைவிரலத்தனை தடியா வந்தா உளுவை. குத்திப்போட்டு நெருப்பு வெச்சாப்புல காந்துச்சுன்னா தேளி."

பார்த்தீர்களா? இதைத்தான் பெரிய பெரிய புத்தகங்களில் 'அடையாள அட்டவணை' என்று போட்டிருக்கிறார்கள். அட்டவணை மாதிரி வரிசையாகவே சொல்லிவிட்டார், அதுவும் இருட்டில்!

நம் ஆட்கள் மீனுக்கு வைத்த பேரிலேயே பாதி விலாசம் இருக்கும். தேள் மாதிரி கொட்டுவது தேளி. பனையேறிக் கெண்டை என்று ஒன்று உண்டு. 'மீனாவது, பனை ஏறுவதாவது' என்று சிரிக்காதீர்கள். தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியில் வேலை பார்த்த டால்டார்ஃப் என்ற லெஃப்டினன்ட், 1791 நவம்பரில் குளத்தோரப் பனை மரத்தில், தண்ணீர் மட்டத்துக்கு ஐந்தடி மேலே, பட்டை இடுக்கில் அந்த மீனைப் பிடித்ததாக லண்டனுக்கு எழுதி, 1797-ல் அச்சிலும் வந்துவிட்டது. அது நிஜமாகவே ஏறியதா, காக்கை தூக்கிப்போய்ப் போட்டதா என்று இருநூறு வருஷமாகப் பட்டிமன்றம் நடக்கிறது. ஆனால் வெள்ளைக்காரர் பார்ப்பதற்கு முன்னாலேயே நம் ஆள் பேர் வைத்துவிட்டார். தரையில் செவுளை ஊன்றி ஊன்றி அது நடப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மெட்ராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்த ஃபிரான்சிஸ் டே என்பவர் 1875-லிருந்து 1878 வரை பகுதி பகுதியாக 'இந்தியாவின் மீன்கள்' என்று ஒரு பெரிய புத்தகம் போட்டார். மீனின் படம், அளவு, துடுப்பு முள் எண்ணிக்கையோடு, தமிழ், தெலுங்கு, மலையாளத்தில் என்ன பெயர் என்று கரையில் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். அவர் சேர்த்த மீன்களில் ஒரு பெரும் பங்கை 1883-ல் சிட்னி மியூசியம் வாங்கிக்கொண்டது. நம் மீன், நம் பெயர், இப்போது ஆஸ்திரேலியாவில் ஜாடிக்குள்.

குளத்துக் கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை 'அணை மீன், உயிர் மீன்' என்று கூவி விற்பதில் முக்கால்வாசி வெளியூர்க்காரர்கள். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கத்தி ஆற்று மீன்கள். ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் 1957 ஜூலை 10-ம் தேதி கட்டாக்கில் ஊசி போட்டு இந்த ஜாதிக் கெண்டைகளை முட்டையிட வைத்துக் காட்டினார்கள். அந்தத் தேதியில்தான் இன்றைக்கும் தேசிய மீன் விவசாயிகள் தினம். அதற்கப்புறம் குஞ்சு விடாத குளமே இல்லை என்றாகிவிட்டது. ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காக்காரர். 1952-ல் இலங்கை வழியாக இங்கே வந்தார். அம்மா மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். அதனால் போன இடமெல்லாம் குடும்பம் பெருகிவிடும்.

இந்த மூன்று வடக்கத்திக்காரர்களைப் பிரிப்பது ரொம்ப சுலபம். வாயைப் பாருங்கள். மேலே பார்த்த வாய், பெரிய தலை என்றால் கட்லா. தண்ணீரின் மேல்தட்டில் சாப்பிடுகிறவர். சின்ன வாய், உதட்டில் குஞ்சம் வைத்த மாதிரி இருந்தால் ரோகு, நடுத்தட்டு. வெள்ளி மாதிரி ஒடிசலான உடம்பு, வாய் கொஞ்சம் கீழே தாழ்ந்திருந்தால் மிர்கால், தரையில் மேய்கிறவர். முதல் மாடி, நடு மாடி, கிரவுண்ட் ஃப்ளோர் என்று மூன்று போர்ஷன் வாடகைக்கு விட்ட வீடு மாதிரி ஒரே குளத்தில் சண்டையில்லாமல் இருப்பார்கள். இதைக் கண்டுபிடித்தவர் ஒரு நல்ல ஹவுஸ் ஓனராக இருந்திருக்க வேண்டும்.

இந்த வாடகைக்காரர்கள் வருவதற்கு முன்னால் பழைய குடித்தனக்காரர்களைக் காலி பண்ண வேண்டுமே? அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மீன் வளர்ப்புப் புத்தகங்களில் விரால், குரவை, உளுவை, கெளுத்தி எல்லாம் 'கொன்று தின்னும் மீன்கள்'. குட்டிக் கெண்டைப் பொடிகளெல்லாம் 'களை மீன்கள்'. களை! பிடுங்கி எறிய வேண்டியது! குஞ்சு விடுவதற்கு மூன்று வாரம் முன்னால் வளர்ப்புக் குளத்தில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு போடச் சொல்கிறார்கள். செவுள் வழியாக ரத்தத்துக்குள் போய் எல்லாம் மிதந்துவிடும். விஷம் இறங்கினதும் பிண்ணாக்கே உரமாகிவிடும். கணக்குப் படித்தவன் என்ற முறையில் பார்த்தால் லாபகரமான திட்டம்தான், மறுக்கவில்லை. கிலோவுக்கு நல்ல விலை போகும் மீனுக்குத் தீனி போட்டு, அதை உளுவைக்கு இரையாக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் ஆலை இல்லாத ஊருக்கு சர்க்கரையாக இருந்த இலுப்பை, உளுவைக்கு எமனாக வந்ததை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. பெரிய குளங்களில் இப்படிப் பண்ணுவதில்லை. அங்கே அடிக்கடி விழும் வலையும், சாக்கடையும், தூர்ந்துபோன வாய்க்காலும் அதே வேலையை மெதுவாகச் செய்கின்றன.

இந்தக் கணக்கில் ஒரு கள்ளக் கணக்கும் உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2000-ல் மத்திய அரசு தடை செய்தது. எதைக் கண்டாலும் தின்னும், கறிக்கடைக் கழிவைப் போட்டாலே வளரும், மழை வெள்ளத்தில் பண்ணையை விட்டுத் தப்பினால் ஆற்றில் இருப்பவர்களைத் தீர்த்துக் கட்டிவிடும். இருந்தாலும் திருட்டுத்தனமாக வளர்ப்பதும், அதிகாரிகள் குழி தோண்டிப் புதைப்பதும் அவ்வப்போது பேப்பரில் வரும். இது கெளுத்தி என்ற பெயரிலேயே உங்கள் பையில் ஏறும். முதுகைப் பாருங்கள், சார். நம் நாட்டுக் கெளுத்திக்கு முதுகில் முள்ளோடு ஒரு துடுப்பு, அதற்குப் பின்னால் கொழுப்பு மாதிரி சதைத் துடுப்பு ஒன்று, ஆக இரண்டு. ஆப்பிரிக்காக்காரருக்குத் தலைக்குப் பின்னால் ஆரம்பித்து வால் வரை ஒரே நீளத் துடுப்பு, முள் கிடையாது. நம்மூர் மாகூருக்கும் அதே மாதிரி நீளத் துடுப்புதான், ஆனால் அது ஒரு முழத்துக்கு மேல் போவது அபூர்வம். தொட்டியில் கை தடிமனுக்குப் பாம்பு மாதிரிப் புரண்டு, 'ஒண்ணே மூணு கிலோ' என்றால் சும்மா நகர்ந்துவிடுங்கள்.

அயிரையில் வேறு மாதிரித் தகராறு. விலை ஜாஸ்தி. அதனால் பொடி மீன்களைக் கலந்துவிடுவார்கள். அயிரைக்கு வாயைச் சுற்றிக் குட்டி மீசைகள் இருக்கும், கண்ணுக்குக் கீழே மடக்குக் கத்தி மாதிரி ஒரு நுண்ணிய முள் இருக்கும். மீசை இல்லாதது அயிரை இல்லை. (இந்த மீனின் விஞ்ஞானப் பெயரில் 'வெந்நீர்' என்று வருகிறது. முதல் முதலில் விவரித்தது இலங்கை வெந்நீர் ஊற்று ஒன்றில் பிடித்ததை வைத்து! வீட்டில் குழம்பு கொதிக்கும்போது இதைச் சொன்னேன். ரசிக்கவில்லை.)

இனி கடல் மீன். இங்கேதான் ஆபீஸ்காரர்கள் பர்ஸ் காலியாகிறது. பழனி வட்டாரத்துக்கு ஒரு லாரி கேரளாவிலிருந்து வருகிறது, ஒரு லாரி ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கமிருந்து வருகிறது. மீனோடு கூடவே இரண்டு கடலின் பேரும் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும். மத்தி என்று ஒருத்தர், சாளை என்று ஒருத்தர். இரண்டும் ஒன்றுதான். ஒருத்தர் அயிலை என்பார், மெட்ராஸ் பக்கம் போனவர் கானாங்கெளுத்தி என்பார். அதுவும் ஒன்றுதான். கெளுத்திக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, மீசையும் கிடையாது. மெட்ராஸில் வஞ்சிரம் என்பதைக் கன்னியாகுமரியிலும் கேரளாவிலும் நெய்மீன் என்பார்கள். 'நெய்க்காரப்பட்டி நெய்மீன்' என்று போர்டு வைத்தால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும். யாராவது வைத்தால் ராயல்டி அனுப்பவும்.

இதில் சீலா என்ற பெயர்தான் பெரிய வில்லங்கம். தூத்துக்குடியில் சீலா கேட்டால் வஞ்சிரத்தைக் கொடுப்பார்கள். மெட்ராஸில் சீலா கேட்டால் நீள மூக்கும் கோரப் பல்லுமாக வேறொரு மீனைக் கொடுப்பார்கள். தெற்கே அதற்கு ஊளி என்று பெயர். என் நண்பர் ஒருவர், எல்.ஐ.சி. பிரீமியத்தைக்கூட நான்கு தடவை கூட்டிப் பார்க்கிறவர், மாப்பிள்ளை வருகிறார் என்று வஞ்சிரம் விலைக்கு ஒன்றரைக் கிலோ துண்டு வாங்கிப் போனார். சம்பந்தி தூத்துக்குடிக்காரர். ஒரு வாய் வைத்துவிட்டு, "மீன் நல்லா இருக்கு. ஊளியும் நாங்க இப்படித்தான் பொரிப்போம்" என்றாராம். அதற்குப் பிறகு நண்பருக்கு மோர் சாதம் இறங்கவில்லை. கடைக்காரர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. 'சீலா' என்றுதான் சொல்லியிருக்கிறார். நழுவுகிற மீனில் கழுவுகிற மீன்!

வித்தியாசம் கண்டுபிடிக்க மீனை முழுசாகப் பார்க்க வேண்டும். வஞ்சிரத்துக்கு வாலுக்கு முன்னால் மேலேயும் கீழேயும் ரம்பப் பல் மாதிரி குட்டிக் குட்டித் துடுப்புகள் வரிசையாக இருக்கும். ஊளிக்கு அது கிடையவே கிடையாது. முதுகில் எட்ட எட்ட இரண்டு துடுப்புகள்தான். வஞ்சிரத்திலேயே மூன்று ரகம்: பக்கவாட்டில் குறுக்குப் பட்டை போட்டது, புள்ளி போட்டது, விட்டு விட்டுக் கோடு போட்டது. மூன்றும் அசல்தான், பயப்படாமல் வாங்கலாம். ஆனால் தலையையும் வாலையும் வெட்டிவிட்டு வட்ட வட்டமாக அடுக்கி வைத்திருந்தால் ஃபிரான்சிஸ் டே வந்தாலும் திருதிருவென்றுதான் முழிக்க வேண்டும். சங்கரா கதையும் இதுதான். சிவப்பாக இருந்தால் எல்லாமே சங்கரா.

ஹோட்டல்களைக் கேட்கவே வேண்டாம். திண்டுக்கல்லில் ஏசி போட்ட ஓர் ஓட்டலில் 'விரால் ஃபிங்கர்' என்று மெனுவில் இருந்தது. விராலுக்கு முள் உண்டு, சதை கெட்டி. வந்ததோ பஞ்சு மாதிரி, முள்ளே இல்லாமல், ருசியும் இல்லாமல். "என்ன மீன் தம்பி?" என்று சர்வரைக் கேட்டேன். "ஃபிங்கர் மீன் சார்" என்றார். பண்ணைகளில் வளர்க்கும் பாசா என்று நினைக்கிறேன். பாசாவில் தப்பொன்றுமில்லை, சாப்பிடுகிற மீன்தான். பாசா என்று போட்டு பாசா விலைக்குக் கொடுங்கள் என்கிறேன்.

தலையில்லாத துண்டுக்கும் இப்போது வழி வந்துவிட்டது. 2003-ல் கனடாவில் பால் ஹீபர்ட் என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும், ஒரு குறிப்பிட்ட ஜீனில் அறுநூற்றைம்பது எழுத்தைப் படித்தால் அந்தப் பிராணி எது என்று சொல்லிவிடலாம் என்றார்கள். கடையில் பார்கோடு ஸ்கேன் பண்ணுகிற மாதிரி. லக்னோவில் இருக்கும் மத்திய அரசின் மீன் மரபணு நிலையம் இந்திய மீன்களுக்கு இப்படி நம்பர் எடுத்துக்கொண்டிருக்கிறது. வறுத்த துண்டில்கூட இதைப் பார்க்க முடியும். என்ன, அரைக் கிலோ மீனுக்கு அதை அனுப்ப முடியாது.

பணம் போனால் போகட்டும், ஆபத்தான கேஸும் இருக்கிறது. சின்ன வாய், முயல் பல், பிடித்தால் பலூன் மாதிரி உப்பும் மீன் பேத்தை. அதன் ஈரல், முட்டையில் இருக்கும் விஷத்துக்கு முறிமருந்தே கிடையாது. கழிவு மீன் கூடையில் மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். கடலோரப் பாறையில் கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீன், நம் ஸ்கல்பினுக்குத் தூரத்துச் சொந்தம். முதுகு முள்ளில் கடுமையான விஷம். ராமேஸ்வரம் போய் வெறுங்காலோடு பாறையில் இறங்குகிறவர்கள் கவனிக்கவும். தேளியோ கெளுத்தியோ கல்மீனோ குத்திவிட்டால், கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி குறையும். புண்ணைக் கீறக்கூடாது, சுண்ணாம்பு வைக்கக்கூடாது. வெந்நீரில் வைத்தபடியே டாக்டரைப் பார்க்கக் கிளம்ப வேண்டும். டீக்கடைப் பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்துல சுடுமணல்ல கையை வெப்போம் தம்பி" என்றார். விஷயம் அதுதான், சூடு.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு போன ஞாயிறு காலை மீன்கார அக்காவிடம் போய் நின்றேன்.

"அக்கா, எனக்கு முழு மீனா, தலையோட வேணும்."

"வெட்டித்தானே தம்பி எல்லாரும் வாங்கறாங்க?"

"மூஞ்சியைப் பார்த்துட்டு வாங்கறனுங்க்கா."

அக்கா ஒரு கட்லாவைத் தூக்கி, மேலே பார்த்த அதன் வாயை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தராசில் வைத்தார். ஒரு கிலோ எண்ணூறு.

"தலைக்கும் சேர்த்துத்தான் எடை. பொறவு தலை பெருசா இருக்குதுன்னு வந்து நிக்கக்கூடாது, ஆமா."

"சரிங்க்கா. உளுவை எப்பவாச்சும் வருமுங்களா?"

"வரும், வரும். பொடி மீனோட கலந்து நாலஞ்சு கெடக்கும். யாரும் கேக்கறதில்ல, கருவாட்டுக்கு ஒதுக்கிப் போட்டுருவோம்." குனிந்து கூடையைக் கிளறியவர் ஒன்றை எடுத்து இலையில் போட்டார். நான் கையை நீட்டுவதற்குள் அவரே அதை மல்லாத்திப் போட்டார்.

கிண்ணம் இருந்தது.

"இதுக்குக் காசு வேண்டாம், எடுத்துட்டுப் போங்க தம்பி."